ஒரு கை குறையுது

தம்பி எதுவரைக்கும் போறீங்க? ஓசூரா? நல்லதாப் போச்சு, நானும் ஓசூர்தான். போய்ச் சேர சாயங்காலம் ஆயிரும்னு கண்டக்டர் சொல்றாரு. அதுவரைக்கும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தா மனுசனுக்குப் பைத்தியம் பிடிச்சிரும். நீங்க தூங்குறதா இருந்தா சொல்லிருங்க, நான் பேசல. தூங்கலையே? சரி.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல கீழ நின்னு கையாட்டிக்கிட்டே இருந்தானே ஒருத்தன், பச்சைக் கட்டம் போட்ட லுங்கி, கவனிச்சீங்களா? அவன் பேரு ராயப்பன். டீக்கடைக்காரன். யாவாரம் சூடா நடக்குற நேரத்துல கடையை அடைச்சுட்டு வந்து, எனக்கு சீட்டு பிடிச்சுக் குடுத்து, தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்து, பஸ் நகர்ற வரைக்கும் நின்னுட்டுத்தான் போனான். அம்புட்டுப் பாசம். ஆனா இத்தனை வருசமா என்னைய அந்த ஊரைவிட்டு அசைய விடாம காலைக் கட்டிப் போட்டதும் அவன்தான். அவனும் அந்தக் கிளப்பும்.

என் பேரு அருளானந்து. கரண்ட் ஆபீசுல லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆனவன். வெண்புறா ஃபுட்பால் கிளப்புக்குச் செயலாளர். கேள்விப்பட்டிருக்கீங்களா, வெண்புறா? இருக்க மாட்டீங்க. மாவட்ட லீக்ல கடைசி டிவிஷன். டிவிக்காரன் வர மாட்டான். பேப்பர்ல என்னைக்காவது ஸ்கோரு வந்தா அதுலயும் வெள்ளைப்புறான்னு போட்டிருப்பான். ஆனா எங்க ஏரியாவுல வந்து கேளுங்க. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு, கறி எடுத்து வீட்ல குடுத்துட்டு, ஆம்பளை பூராம் குளத்துலதான் நிப்பான். குளம்னா குளமேதான். தண்ணி வராத குளம். அதுக்கு நடுவுலதான் எங்க கிரவுண்டு. கரையில உக்காந்தா கேலரி மாதிரி சுத்திலும் தெரியும். மழை பிடிச்சா மட்டும் கோல் போஸ்ட்டு முட்டளவு தண்ணியில நிக்கும். அப்ப அங்க கொக்குதான் விளையாடும்.

முன்னாடி ஒரு முதலாளி கிளப்பை நடத்தினாரு. தோல் பதனிடுற ஷாப்பு வெச்சிருந்தாரு, இப்ப ஆளு இல்ல. பந்து, ஜெர்சி, வலை எல்லாம் அவரு வாங்கிப் போட்டதுதான், இல்லைங்கல. ஆனா குடைக்குக் கீழ நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டு, அந்தப் பயலை வெளிய எடு, இந்தப் பயலை உள்ள விடுன்னு டிரைவர்கிட்ட சொல்லி அனுப்புவாரு. நாங்க கரையில நின்னு கத்துவோம். எங்க சத்தத்துக்கு என்ன மரியாதை? ஒரு வருசம் திடீர்னு வந்து, கிளப்புப் பேரை மாத்தி, செத்துப்போன அவரு அப்பா பேரை வெக்கப் போறேன்னாரு. கரையில இருந்த அத்தனை பேரும் எந்திரிச்சுட்டோம். அப்ப நீங்களே நடத்திக்கங்கடான்னுட்டு, டிரைவரை விட்டு ரெண்டு கோல் வலையையும் அவிழ்த்து கார்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. அடுத்த வாரம் வலை இல்லாம ஆடினோம் தம்பி. கோல் விழுந்துச்சா வெளிய போச்சான்னே பாதி நேரம் சண்டை.

அன்னைக்குக் கரையில உக்காந்து முடிவு பண்ணினோம். இனிமே முதலாளி கிடையாது, பார்க்குறவன்தான் நடத்துறவன். சரி, யாரு உறுப்பினர்? காசு குடுத்தவன் உறுப்பினர்னா மறுபடி ஒரு முதலாளி வந்துருவான். அதனால கோடு போட்டவன் உறுப்பினர்னு வெச்சோம். மேட்ச் அன்னைக்கு விடிய எந்திரிச்சு, சுண்ணாம்பு கரைச்சு, கயிறு பிடிச்சு, கிரவுண்டுக்குக் கோடு போடணும்ல? ஒரு சீசன் முழுக்க முறை தவறாம வந்து கோடு போட்டவனுக்குக் கூட்டத்துல கை உண்டு. இன்னைக்கு வரைக்கும் அதான் வழக்கம். எங்க ஆளுங்க காலைப் பாருங்க, சுண்ணாம்பு அரிச்ச தழும்பு இருக்கும்.

அப்புறம் ஒரு விதி. அது நான் சொன்னது. ஒத்த ஆளு முடிவு பண்ணித்தான இம்புட்டும் ஆச்சு, அதனால இனிமே எதுவா இருந்தாலும் கரையில இருக்குற எல்லாக் கையும் எந்திரிக்கணும், ஒத்தக் கை கீழ இருந்தாலும் அந்த விசயம் செல்லாதுன்னேன். யாரு மனசும் நோகாம நடத்தணும்னேன். கை தட்டினாங்க பாருங்க, கரையே அதிர்ந்துச்சு. என் வாழ்க்கையில எனக்கு அம்புட்டுக் கைதட்டு விழுந்தது அன்னைக்குத்தான். கரண்ட் கம்பத்துல ஏறி இறங்குறவனுக்கு யாரு கை தட்டுவா? அங்கயே என்னையச் செயலாளர் ஆக்கிட்டாங்க, எல்லாக் கையும் தூக்கி.

கையை எண்ணுறது அன்னைக்கு ஆடின கோல் கீப்பர். அதுவும் ஒரு வழக்கமாப் போச்சு.

ஆனா மனுசப் பயலுக எப்படின்னு பாருங்க தம்பி. ஜெர்சிக்குக் கலர் முடிவு பண்ண ரெண்டு சீசன் ஆச்சு. நீலம்னா ஒருத்தன் கையைக் கட்டிக்குவான், சிவப்புன்னா இன்னொருத்தன். கடைசியில வெள்ளை. வெள்ளை யாருக்குமே பிடிக்காது, அதனால யாரும் எதுக்கல. குளத்துப் புழுதியில வெள்ளை ஜெர்சி. வீட்ல துவைக்குறவங்க எங்களைத் திட்டாத நாள் கிடையாது. பிடிவாதம். நம்ம ஆளுங்களுக்குப் பிடிவாதம்தான் பெரிய வியாதி.

நானும் சில நேரம் கையை இறக்கி வெச்சிருக்கேன், மறைக்கல. ஆனா என்னுது பிடிவாதம் இல்ல, கிளப்பு நல்லதுக்கு. ஒரு காலேஜ்ல அவங்க கிரவுண்டைத் தர்றோம்னாங்க, புல்லுத்தரை, மழை பெஞ்சாலும் ஆடலாம். எல்லாப் பயலும் கையைத் தூக்கிட்டான். நான் தூக்கல. குளத்தை விட்டுட்டுப் போனா அப்புறம் அது வெண்புறாவா? ராத்திரி ஆடுறதுக்கு லைட்டு போடலாம்னாங்க. நான் லைன்மேன், எனக்குத் தெரியாதா கரண்ட்டோட ஆபத்து? வேண்டாம்னேன். பொம்பளைப் பிள்ளைகளுக்கு ஒரு டீம் ஆரம்பிக்கலாம்னு பெனாசிர் கேட்டுச்சு. நான் வேண்டாம்னு சொல்லவே இல்ல தம்பி. இந்த வருசம் வேண்டாம்னுதான் சொன்னேன். வருசா வருசம் அதைத்தான் சொன்னேன்.

பெனாசிர்னு சொன்னேன்ல, அது ஸ்கூல்ல விளையாட்டு டீச்சர். அதோட தம்பிதான் எங்களுக்கு லெஃப்ட் பேக் ஆடுறான். நல்ல பொண்ணு. விடியக்காலம் தலையில துணியைக் கட்டிக்கிட்டு வந்து கோடு போடும், நூல் பிடிச்ச மாதிரி இருக்கும். அது மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. எதுக்கெடுத்தாலும் சார் சார்னு மரியாதையாத்தான் பேசும். ஆனா நேத்து வந்தவங்களுக்கு கிளப்பு நடத்துறதுன்னா என்னன்னு தெரியுமா? அது வந்து ஆறு வருசம்தான் ஆகுது.

சரி, என் கதைக்கு வர்றேன். ரிட்டயர் ஆன வருசமே ராஜினாமா குடுத்தேன். எங்க வீட்டம்மா ரெஜினாதான் சொன்னா, ஆபீசுக்கு உழைச்சாச்சு, ஊருக்கும் உழைச்சாச்சு, இனி வீட்ல இருங்கன்னு. நியாயம்தானேன்னு நானும் கூட்டத்துல எந்திரிச்சுச் சொன்னேன். ஒரு கைகூட எந்திரிக்கல தம்பி. ஒண்ணுகூட. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. வீட்ல வந்து, பாரு ரெஜினா விட மாட்டேங்குறாங்கன்னேன். அவ வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தா.

அப்புறம் எங்க மக ஜெசிந்தா ஓசூருக்கு வாக்கப்பட்டுப் போச்சு. மாப்பிள்ளையும் மகளும் ஒரே கம்பெனி, ஷிப்ட்டு வேலை. பேறுகாலம் பார்க்கப் போன ரெஜினா, பிள்ளையைப் பார்த்துக்க ஆள் இல்லைன்னு அங்கயே தங்கிட்டா. நீங்களும் வந்துருங்கன்னா. வர்றேன்னேன். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஒத்தையில சோறு பொங்கித் தின்னு பாருங்க, தெரியும். ராயப்பன் கடை பன்னும் டீயும்தான் பாதி நாள் ராத்திரிச் சாப்பாடு. ஆனா எப்படிப் போறது? கிளப்பு விடணும்ல. எலிப்பொறிக்குள்ள மாட்டினவன் மாதிரிதான் இருந்தேன். வருசா வருசம் ராஜினாமா குடுப்பேன், வருசா வருசம் செல்லாமப் போகும்.

ஆனா ஒண்ணு, வருசம் ஆக ஆக கை கூடிக்கிட்டே வந்துச்சு. முதல்ல அஞ்சாறு கை. அப்புறம் பாதிக் கரை. அப்புறம் முக்கால்வாசி. அந்தக் காலேஜ் கிரவுண்டை நான் வேண்டாம்னு சொன்ன வருசம் மட்டும் மளமளன்னு ஏறுச்சு. என் குடும்பத்து மேல பயலுகளுக்கு அம்புட்டு அக்கறை. பாவம், அந்த மனுசன் பொண்டாட்டியைப் பிரிஞ்சு கெடக்குறாரேன்னு நெனச்சிருக்காங்க.

கடைசியில மிச்சம் நின்னது ஒத்தக் கை. ராயப்பன் கை. எல்லாரும் தூக்குவான், அவன் மட்டும் கையைக் கக்கத்துல வெச்சுக்கிட்டு நிப்பான். ஏண்டா இப்படிப் பண்றேன்னு எல்லார் முன்னாடியும் கத்தினேன். என் குடும்பம் ரெண்டாக் கெடக்குறது உனக்குச் சந்தோசமான்னு கேட்டேன். அதுக்கு அவன் சொன்னான், "அண்ணே, அங்க போயி என்னண்ணே பண்ணுவீங்க? உங்களை அங்க யாருண்ணே கூப்பிடுவா?" இது ஒரு பதிலா தம்பி? ஆனா அன்னைக்குச் சாயங்காலமும் அவன் கடைக்குத்தான் போனேன். வேற எங்க போறது? சீனி தூக்கலா போட்டுக் குடுத்தான்.

இந்த வருசம் ரெஜினாவுக்குக் கண்ணுல பிரச்சினை வந்துருச்சு. ரெண்டு கண்ணுலயும் புரை. பால் பொங்குறது தெரியலையாம், வழிஞ்சு அடுப்பு அணையுற சத்தம் கேட்டாத்தான் தெரியுதாம். பேத்தியைக்கூட குரலை வெச்சுத்தான் பிடிக்கிறாளாம். டாக்டர் உடனே ஆபரேஷன் பண்ணணும்னுட்டாரு. பண்ணினப்புறம் ஒரு மாசம் பக்கத்துல ஆள் வேணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா சொட்டு மருந்து விடணும், குனியக் கூடாது, தலைக்குத் தண்ணி ஊத்தக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது. மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் லீவு கிடையாது. அவர் வரட்டும், வந்தப்புறம் பண்ணிக்கிறேன்னு ரெஜினா சொல்லிட்டா. ரெண்டு தடவை தேதி குறிச்சாங்க. ஒரு தடவை எங்களுக்கு செமி ஃபைனல். இன்னொரு தடவை மழை பிடிச்சு, கோல் போஸ்ட்டைப் பிடுங்கி மேட்டுல வெக்க வேண்டியதாப் போச்சு. நான் இல்லாம எவன் பிடுங்குவான்? தள்ளிப் போட்டாச்சு.

மூணாவது தேதி குறிச்சப்ப ரெஜினா எனக்குப் போன் பண்ணல. நேரா ராயப்பனுக்குப் பண்ணியிருக்கா. ராயப்பா, இந்தத் தடவை உன் கையைத் தூக்கிரு, உனக்குக் கும்பிடு போடுறேன்னு சொல்லியிருக்கா. அதை அவன் என்கிட்ட வந்து சொல்றப்ப கண்ணுல தண்ணி. அக்கா என்கிட்டப் போயி கும்பிடுறேன்னு சொல்லிட்டாங்களேண்ணே, இனிமே நான் எப்படிக் கையை இறக்கி வெப்பேன்னான்.

போன ஞாயித்துக்கிழமை மேட்ச் முடிஞ்சு கூட்டம். மூணு ஒண்ணுல தோத்திருந்தோம், யாரு முகத்துலயும் ஈயாடல. நான் எந்திரிச்சேன். வீட்டம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன், என்னைய விட்டுருங்கப்பான்னேன். சொல்லி முடிக்கல, கை எந்திரிச்சுருச்சு. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எங்க பார்த்தாலும் கை. ராயப்பன் எங்கன்னு பார்த்தேன். கரையில ஓரமா, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு, கையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறான்.

கோல் கீப்பர் எண்ணினான். தலையை எண்ணினான், கையை எண்ணினான். மறுபடி எண்ணினான். அண்ணே, ஒரு கை குறையுதுன்னான்.

எல்லாரும் அக்கம்பக்கம் பார்த்துக்கிட்டாங்க. எந்தப் பயடா அவன், இன்னும் என்னைய விடாம பிடிச்சுக்கிட்டு இருக்கிறவன்னு நானும் தேடினேன். கரை பூராம் கண்ணை ஓட்டுறேன், எல்லாவனும் தூக்கித்தான் இருக்கான். அப்ப பெனாசிர் பக்கத்துல வந்து மெதுவாச் சொல்லுச்சு, "சார், உங்க கை."

நெசம்தான். நானும் கோடு போட்டவன். எனக்கும் கை உண்டு. கரையில இருக்குற எல்லாக் கையும்னு விதி போட்டது நான்தானே, எனக்கு மட்டும் விலக்கா?

நீங்களே சொல்லுங்க தம்பி, தன்னைத்தானே வெளிய அனுப்ப ஒரு மனுசன் எப்படிக் கை தூக்குவான்? நல்லா இருக்குமா அது? ஆளை விட்டாப் போதும்னு ஓடுறான்னு சொல்ல மாட்டாங்க? அடுத்தவங்க அனுப்பினா அது மரியாதை. அதுவும் போக, அம்புட்டுக் கையும் ஒண்ணா எந்திரிச்சு நின்னதைப் பார்த்தப்ப எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. ஒருத்தனாவது யோசிக்கணும்ல? ஒருத்தனாவது, அருளானந்து அண்ணன் போனா கிளப்பு என்ன ஆகும்னு ஒரு நிமிசம் கையைத் தாமதிக்கணும்ல? கையைத் தூக்கணும்னுதான் நெனச்சேன். எந்திரிக்கல தம்பி. கல்லுக் கட்டின மாதிரி கெடந்துச்சு. கோல் கீப்பர் என் முகத்தைப் பார்த்துக்கிட்டே நின்னான். செல்லாதுன்னு நான்தான் அறிவிச்சேன். செயலாளர் அறிவிக்கணும்ல.

கூட்டம் கலைஞ்சப்புறம் பெனாசிர் நின்னுச்சு. "சார், நீங்க வேண்டாம்னு யாரும் கை தூக்கல. கொஞ்ச நாள் வீட்டுக்குப் போங்கன்னுதான் தூக்கினோம்," அப்படின்னுச்சு. பேச்சு நல்லாத்தான் இருக்கு. பேச்சுக்கு என்ன.

ராத்திரி ரெஜினா போன் பண்ணினா. என்னாச்சுன்னா. செல்லல, ஒரு கை குறைஞ்சு போச்சுன்னேன். ராயப்பன் தூக்கினானான்னு கேட்டா. தூக்கினான்னேன். அதுக்கு மேல அவ கேக்கல. யாரு தூக்கலன்னு கேப்பா, என்ன சொல்றதுன்னு பயந்துக்கிட்டே போனைக் காதுல வெச்சிருந்தேன். கேக்கவே இல்ல. வெள்ளிக்கிழமை காலையில ஆபரேஷன், ஏழு மணிக்கு முன்னாடி போகணும், வியாழக்கிழமை கெளம்பி வாங்கன்னு மட்டும் சொல்லிட்டு வெச்சுட்டா.

அதான் இப்பப் போறேன். நாளைக்கு ஆபரேஷன் முடிஞ்சதும் சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறிருவேன். ஞாயித்துக்கிழமை மேட்ச் இருக்கு. ஒரு மாசம் இருங்கன்னுதான் சொல்லுவா. இருக்க எனக்கும் ஆசைதான். என் நிலைமையை யாரும் புரிஞ்சுக்க மாட்டேங்குறாங்க தம்பி. அங்க போனா கிளப்பு இழுக்குது, இங்க இருந்தா வீடு இழுக்குது. நான் யாருக்கு என்ன பாவம் பண்ணினேன்?

இருங்க, போன் அடிக்குது. ராயப்பன்தான். இப்பத்தான் கொஞ்சம் முன்னாடி பண்ணி, கரூர் தாண்டிட்டீங்களாண்ணேன்னு கேட்டான். அவனுக்கு நான் கொழந்தைப் பிள்ளை மாதிரி.

சொல்லு ராயப்பா. நாமக்கல் வரப்போகுதுடா. என்னது? சத்தமாச் சொல்லு, பஸ் சத்தத்துல கேக்கல. யாரு கூடினாங்க? காலையிலயா? நான் பஸ் ஏறினப்புறமா? எல்லாக் கையுமா? நீயும் தூக்கினியா? சரி, அழாத. நான் எங்கடா திட்டினேன், அழாத. சாயங்காலம் என்ன? ஆறு மணிக்கா? பெனாசிருக்கா? நல்லது. நல்லதுடா. நான் சந்தோசமாத்தான் இருக்கேன். வெச்சிரு.

ஒண்ணும் இல்ல தம்பி. தண்ணி இருக்கு, இருக்கட்டும். ஒரு நிமிசம்.

கூடிட்டாங்க. நான் பஸ் ஏறினதும் கரையில கூடி, என் ராஜினாமாவை ஏத்துக்கிட்டாங்க. கரையில இருக்குற எல்லாக் கையும்னுதானே விதி. நான் கரையில இல்ல. அதனால ஒரு கையும் குறையல. எல்லாம் முறைப்படிதான் நடந்திருக்கு. நீங்க இனிமே ஃப்ரீண்ணே, அக்காவோட நிம்மதியா இருங்க, ஒரு மாசம் என்ன, ஒரு வருசம் இருங்கங்குறான். சந்தோசத்துல அழுகுறான். வழியனுப்ப வந்தான்னு நெனச்சேன் தம்பி. பஸ் கெளம்பிருச்சான்னு பார்க்க வந்திருக்கான். கரூர் தாண்டியாச்சான்னு கேட்டானே, எதுக்கு? நான் பாதியில எறங்கிருவேனோன்னு பயம்.

சந்தோசப்படணும், இல்ல? நீங்க அப்படித்தான் பார்க்குறீங்க. எத்தனை வருசமாக் கேட்டுக்கிட்டு இருந்தேன், இப்ப விட்டுட்டாங்க. சட்டுனு எல்லாம் முடிஞ்சுபோச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க தம்பி. ஓசூர்ல போயி எறங்குறவன் யாரு? ஜெசிந்தாவோட அப்பா. ரெஜினா வீட்டுக்காரரு. அம்புட்டுத்தான்.

இது நாமக்கல்லா? பஸ் ஸ்டாண்டுக்குள்ள போகும்ல?

இல்ல, கேளுங்க. ஒருத்தரை அனுப்புறதும் இன்னொருத்தரை ஏத்துறதும் ஒரே கூட்டத்துல கூடாதுன்னு ஒரு விதி இருக்கு. அதுவும் நான் போட்டதுதான். அதனால காலையில என்னைய அனுப்பிட்டாங்க, புதுச் செயலாளருக்குக் கை சாயங்காலம் ஆறு மணிக்கு. பெனாசிரைத்தான் போடப்போறாங்க. ராயப்பன் வெள்ளந்தி, உளறிட்டான். செயலாளர் பதவிதான் போயிருக்கு, உறுப்பினர் போகல. நான் கோடு போட்டவன். ஆறு மணிக்கு நான் கரையில நின்னா என் கையையும் எண்ணித்தான் ஆகணும். இங்க எறங்கினா கரூர், கரூர்ல மாறினா திண்டுக்கல். நாலு மணிக்கெல்லாம் போயிரலாம்.

அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோபம் இல்ல தம்பி, தப்பா நினைக்காதீங்க. நல்ல பொண்ணுதான். இந்த வருசம் வேண்டாம்னுதான் சொல்றேன்.

அப்படிப் பார்க்காதீங்க. நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸுல கெளம்பிருவேன். ஆபரேஷன் ஏழு மணிக்குன்னா, நான் போறதுக்குள்ள முடிஞ்சிருக்கும், கட்டுப் போட்டிருப்பாங்க, கட்டுப் போட்டவளுக்கு யாரு பக்கத்துல நின்னா என்ன தெரியப் போகுது? சொட்டு மருந்து அப்புறம்தானே. இல்ல, அவ பண்ணிக்க மாட்டா. அவர் வரட்டும்னு உக்காந்திருவா. பரவாயில்ல, இன்னொரு தேதி வாங்கிக்கலாம். கண்ணு எங்க ஓடிறப் போகுது?

போன்ல சொல்லலாம்தான். அவகிட்ட இதைப் போன்ல சொல்ல எனக்குத் தைரியம் இல்ல தம்பி. அவ கத்தினாக்கூடப் பரவாயில்ல. கத்த மாட்டா. உஸ்னு ஒரு சத்தம் வரும், அப்புறம் வெச்சிருவா.

நீங்க எனக்கு ஒரு உதவி பண்ணணும். நீங்க ஓசூர்தானே. இந்தப் பையை எடுத்துக்கங்க. சிறுமலை வாழைப்பழம் இருக்கு, மேல எதுவும் வெச்சு நசுக்கிறாதீங்க. அவ பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிப்பா. மக வேலைக்குப் போயிருக்கும், அதனால இவளே பிள்ளையைக் கையில பிடிச்சுக்கிட்டு ஆட்டோவுல வந்திருவா. வராதேன்னு சொன்னாலும் கேக்க மாட்டா. நம்ம பஸ்ஸு நிக்கிற இடத்துக்கு எதுத்தாப்புல பெஞ்சு இருக்கு, அதுலதான் உக்காந்திருப்பா. கட்டையா, மாநிறமா, மூக்குல ஒத்தைக் கல்லு மூக்குத்தி. எறங்குறவங்க முகம் ஒண்ணும் அவளுக்குத் தெரியாது. அதனால நீங்கதான் கிட்டப் போயிச் சத்தம் குடுக்கணும்.

கண்டக்டர் அண்ணே, ஒரு ஆளு எறங்கணும். டிக்கெட் ஓசூருக்குத்தான், பரவாயில்ல, எறங்குறேன்.

தம்பி, இன்னொண்ணு. கிட்டப் போனதும் என் பேரைச் சொல்லாதீங்க. அருளானந்துன்னு காதுல விழுந்தா நான் வந்துட்டேன்னு நெனச்சு எந்திரிச்சிருவா, கையை நீட்டிருவா. வெண்புறான்னு மட்டும் சொல்லுங்க. நான் வரலைன்னு புரிஞ்சுக்குவா.